பன்றிமூக்கி சாப்பிட்டவளோ?

எங்கள் வீட்டு பிரிட்ஜின் ஐஸ் தட்டில் இடது பக்கம் மீன், வலது பக்கம் எலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவருப்பு உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களில் பலர் அப்படித்தான் எழுந்து போனார்கள்.

எலி பாம்புக்கு. பாம்பு மகளுடையது. மகள் இருப்பது தூர வடக்கே, டுரினில். ஆகவே பாம்பு என் தலையில். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள் என்று யாரும் என்னைச் சொல்லக்கூடாது. நான் பிடிக்கவில்லை. அவள்தான் பிடித்து என் மடியில் விட்டுவிட்டு ரயில் ஏறினாள்.

நான் மன்னார்க்காரி. ஊரில் இருந்த காலத்தைவிட இத்தாலியின் பலெர்மோவில் இருந்த காலம் கூடிவிட்டது. வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு இத்தாலிய அம்மாவின், சின்யோராவின், வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. என் கணவர் தீவுப்பகுதிக்காரர், ஒரு ஹோட்டல் சமையலறையில் நிற்கிறார். எங்களுக்கு ஒரே மகள். அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் பல்லாரோ சந்தைக்காரர்கள் கத்துவது குசினிக்குள் வந்து விழும். அந்தச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகியதில் என் குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கொஞ்சம் என்பது நான் சொல்வது.

மகள் முதன்முதலாக வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுத்த மாதம், "அம்மா, ஒரு சின்னச் சீவன் வளக்கப்போறன். குரைக்காது, முடி கொட்டாது, சத்தமே போடாது" என்றாள். நான் ஆமை என்று நினைத்தேன். அவர் மீன் என்று நினைத்தார். அவளும் திருத்தவில்லை, கள்ளி.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அறையைக் கூட்டப் போனேன். மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே மரத்தூள் நிரப்பியிருந்தது, மேலே மூடி. மூடியிருந்தால் திறந்து பார்ப்பது என் பிறவிக்குணம். திறந்தேன். மரத்தூள் அசைந்தது. மேல்நோக்கி வளைந்த மூக்கோடு, பன்றிக்குட்டி கிளறுவதுபோலக் கிளறிக்கொண்டு ஒரு தலை வெளியே வந்தது. வந்த தலை என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கழுத்தைத் தட்டையாக விரித்து, சைக்கிள் டியூப்பில் காற்றுப் போவதுபோலச் சீறியது.

மன்னாரில் பிறந்தவளுக்குக் கழுத்தை விரிக்கிற பாம்புக்கு ஒரே பெயர்தான் தெரியும்.

"ஐயோ மாதாவே! நல்ல பாம்பு! இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ, நல்ல பாம்பு!"

அவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவந்தார். பாம்பு தடியை முட்டியது. வாயைத் திறக்காமல், ஆட்டுக்குட்டி முட்டுவதுபோல மூக்கால் முட்டியது. அவர் தடியை ஓங்கக்கூட இல்லை, அதற்குள் அது உடம்பை முறுக்கி, துடித்து, மல்லாக்காகப் பிரண்டு, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துப்போனது. செத்தவுடனேயே நாறவும் தொடங்கிவிட்டது. வாயோரத்தில் ஒரு பொட்டு இரத்தம் வேறு.

"நான் அடிக்கேல்லையே" என்றார் அவர்.

"நானும் தொடேல்லை."

"நீர் கத்தினதிலைதான் செத்துப்போச்சு."

சண்டை பிடிக்க அது நேரமில்லை. அவருடைய முகம் வெளிறிவிட்டது. தீவில் அவர்களுடைய வீட்டுக்குப் பக்கத்தில் நாகதம்பிரான் கோயில் இருந்தது. நல்ல பாம்பு செத்துக் கிடந்தால் அங்கே யாரும் சும்மா தூக்கி எறிவதில்லையாம். வெள்ளைத் துணியில் சுற்றி, பால் ஊற்றித்தான் புதைப்பார்களாம்.

"நாங்கள் வேதக்காரர்" என்றேன்.

"வேதக்காரரை நல்ல பாம்பு கடிக்காதோ?" என்றார்.

என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அக்கா வந்துவிட்டார். அக்கா மொரீஷியஸ்காரி, எங்களைப் போல வீட்டுவேலைக்கு வந்தவர். பாட்டன் பூட்டன் காலத்தில் கப்பலேறிப் போன தமிழ்ச் சனம். தமிழில் தேவாரம் பாடுவார், ஆனால் கதைக்கத் தெரியாது. எங்களுக்குள் எல்லாம் இத்தாலியன்தான். அவர்களுடைய தீவில் நல்ல பாம்பே கிடையாதாம். கோயில் கல்லில் மட்டும் பார்த்திருக்கிறார். முதன்முதலாகக் கண்ணால் கண்ட நாகம் எங்கள் வீட்டில் மல்லாந்து கிடக்க, கையெடுத்துக் கும்பிட்டு, கீழே ஓடி, ஒரு செம்பில் பாலும் மஞ்சளும் கொண்டுவந்தார்.

நல்லநாள் பெருநாளுக்கு மேசையில் விரிக்கிற என் வெள்ளைத் துணியை என் கணவர் எடுத்து விரித்தார். அகப்பையால் பாம்பைத் தூக்கி அதில் கிடத்தினார். அக்கா வயிற்றில் மஞ்சள் பொட்டு வைத்தார். பிறகு, "இப்படி வயிற்றைக் காட்டிக்கொண்டு அனுப்பக்கூடாது, மரியாதையில்லை. நேராகக் கிடத்துங்கள்" என்றார். நியாயமான பேச்சுத்தான். கணவர் அகப்பைக் காம்பால் மெதுவாக நேராக்கினார்.

செத்த பாம்பு மறுபடி மல்லாக்காகப் பிரண்டது.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் திரும்ப நேராக்கினார். திரும்பப் பிரண்டு, தொங்கிய நாக்கை இன்னும் கொஞ்சம் வெளியே விட்டது. செத்த பிறகும் இவ்வளவு பிடிவாதம் பிடித்த ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா சத்தமாகத் தேவாரம் தொடங்கினார். நான் அருள்நிறை மரியே தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மகள் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தாள்.

வெள்ளைத் துணி, பால்செம்பு, மஞ்சள் பொட்டு வைத்த தன் பாம்பு, அதைச் சுற்றி மூன்று பெரிய மனிதர்கள். பார்த்தவள் கோபிக்கவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது.

"பாஸ்தா, அம்மா, போதும்! அது சாகேல்லை. நடிக்குது. பயந்தால் முதல் நல்ல பாம்பு மாதிரிப் படமெடுக்கும். அதுக்கும் நீங்கள் போகாட்டில் செத்த மாதிரிக் கிடக்கும். நேரா வைச்சால், 'இல்லை, நான் செத்திட்டன்' எண்டு திரும்பப் பிரளும்."

"அப்ப உண்மையாச் செத்தால் எப்பிடித் தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"நேரா வைச்சால் நேராவே கிடக்கும், அப்பா."

அமெரிக்காப் புல்வெளிப் பாம்பாம். தவளை தின்கிறதாம். தவளைக்குத்தான் அதன் எச்சில் விஷம், மனிதருக்குக் கடித்தாலும் வீங்குவதோடு சரியாம். இப்போது இரண்டு வயதாம். பெண்ணாம். பன்றிமூக்குப் பாம்பு என்பதுதான் அதன் பெயராம். அன்றிலிருந்து வீட்டில் அவள் பன்றிமூக்கி. பாலை என்ன செய்வது என்று அக்கா கேட்க, பாம்பு பால் குடிக்காது என்றாள் மகள். "பாம்பு குடிக்காவிட்டால் பூனை குடிக்கட்டும், வைத்ததை எடுக்கக்கூடாது" என்று அக்கா செம்பைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் நான் விரும்பாமலே பாம்புப் படிப்புப் படித்தேன். ஐஸ் எலியை ஒரு இரவு முழுக்கக் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, பையில் கட்டி, வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர். அவளே தனக்குத் தேவையான பக்கத்துக்குப் போவாள். கண் பால்போல மங்கினால் வருத்தம் இல்லை, தோல் கழற்றப்போகிறாள் என்று அர்த்தம். முதல் தடவை அந்தக் கண்ணைப் பார்த்து நான் பதறிப்போனேன். "ரெண்டு மூண்டு நாளிலை தெளிஞ்சிடும் அம்மா, பயப்பிடாதேங்கோ" என்றாள் மகள். தெளிந்தது. பிறகு பன்றிமூக்கி காலுறை கழற்றுவதுபோல முழுத்தோலையும் ஒரே துண்டாகக் கழற்றிப்போட்டாள். மூச்சில் கர்புர் என்று சத்தம் கேட்டாலோ வாயில் நுரை தள்ளினாலோதான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

எங்கள் வீட்டில் அவளுக்கு வந்த முதல் நோய் கொழுப்பு. காரணம் என் கணவர். மகள் வாரத்துக்கு ஒன்று என்று சொல்லியிருக்க, "பாவம், பாத்துக்கொண்டு கிடக்குது" என்று ஒளித்து இன்னொன்று போட்டிருக்கிறார். பிரான்காச்சோவில் இருக்கிற பாம்பு டாக்டர் அவளைத் தூக்கிப் பார்த்து, இப்படித் தின்னக் கொடுத்தால் ஈரல் கெட்டுச் சீக்கிரம் செத்துவிடும் என்றார். அதே மாதம் எங்கள் குடும்ப டாக்டரும் என் கணவருக்கு அதையேதான் சொன்னார். இரண்டு பேரையும் ஒரே நாளில் பத்தியத்தில் போட்டேன். பன்றிமூக்கி மெலிந்தாள்.

ஒரு வருஷம் மகள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாள். சிநேகிதி ஒருத்தியிடமிருந்து ஒரு ஆண் பாம்பை இரவல் வாங்கிவந்தாள். பெண் பாம்பின் பாதிகூட இல்லை. "இதுவோ மாப்பிள்ளை?" என்று கேட்டேன். இந்தச் சாதியில் ஆண் இப்படித்தானாம். அதற்கு முன் இரண்டு பேரையும் குளிர்காலம் முழுவதும் இருட்டில், குளிரில், சாப்பாடில்லாமல் தனித்தனியே தூங்கவிட்டாள். குளிர் படாவிட்டால் இனப்பெருக்கம் ஒழுங்காக நடக்காதாம். அல்பெர்கேரியா வீடுகளில் ஜனவரியில் குளிர் தேடிப் போக வேண்டியதில்லை, எங்கள் படுக்கையறையே போதும். மாசி கழிந்து சேர்த்துவிட்டாள். மாப்பிள்ளை சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாள் முழுக்க அவளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். அவள் சீறினாள். "விடாதை தம்பி, நானும் உப்பிடித்தான் திரிஞ்சனான்" என்று என் கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னார். நான் அகப்பையோடு அறைக்குள் போகவும் வாயை மூடிக்கொண்டார்.

முட்டைகளைப் பற்றி இருந்த கவலை எனக்கு என் பேறுகாலத்திலும் இருந்ததில்லை. முட்டை உள்ளே சிக்கினால் தாய் செத்துவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஈரப் பாசி போட்ட பெட்டிக்குள் பன்றிமூக்கி போய்க் கிடக்க, நாங்கள் வாசலில் கிடந்தோம். நல்ல காலம், எல்லாம் சுகமாக வந்தது. ஒரு டசினுக்குக் கிட்ட வெள்ளை முட்டைகள், தோல் மாதிரி மெதுமையாக. பல்லாரோவில் மீன் வருகிற இலேசான வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியைக் கழுவி, அடியில் சூட்டுப்பாய் போட்டு, அதற்குள் வைத்தாள். ஊரில் கோழி வளர்த்த என் கணவர் காலையில் எழும்பி முட்டைகளைப் புரட்டிவிடப் போனார். மகள் போட்ட கூச்சலில் சந்தை ஒரு கணம் நின்றது. பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கிற குஞ்சு செத்துவிடுமாம். பென்சிலால் ஒவ்வொன்றின் மேலும் புள்ளி போட்டு, புள்ளி எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்றாள். அந்தக் குரல் என்னுடைய குரல். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதத்தில் குஞ்சுகள் முட்டையைக் கீறி மூக்கை நீட்டின. பென்சில் நீளம் இல்லை, ஆனால் நான் குனிந்து பார்த்ததும் அத்தனையும் கழுத்தை விரித்துச் சீறி, வரிசையாக மல்லாந்து செத்தன. கீழ்வீட்டு அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். குஞ்சுகளை மகள் விசாரித்து நல்ல இடங்களுக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினாள். "ஒரு பேறு காணும். அவள் மெலிஞ்சுபோனாள்" என்றாள்.

இதற்கிடையில் பன்றிமூக்கி எங்களுக்காகச் சாவதை விட்டுவிட்டாள். மனிதரோடு பழகிய பாம்பு நடிக்காதாம். என் கையில் சுற்றிக்கொண்டு டிவி பார்ப்பாள். சின்யோராவின் வீட்டில் நாள் முழுக்க நின்ற கை சோர்ந்து கிடக்கும். அதில் அவள் கிடந்தால் ஒரு இதம். என்னைக் கண்டு பயப்படாத சீவன் எங்கள் கட்டடத்தில் அவள் ஒருத்திதான் என்று அவர் சொல்லித் திரிந்தார்.

பிறகு மகளுக்கு டுரினில் வேலை கிடைத்தது. அங்கே அவள் எடுத்த அறையின் சொந்தக்காரர் மிருகம் வேண்டாம் என்றார். அதோடு பன்றிமூக்கிக்கும் வயது போய்விட்டது. நீண்ட பயணம் கூடாது. ரயில் நிலையத்தில் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, அவளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வாய்வரை வந்தது. ரயில் வெளிக்கிட்டுவிட்டது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் மகளுக்கும் போனில் கதைக்கத் தெரியாது. நேரில் சண்டை பிடிப்போம், அது வேறு. போனில் "எப்பிடி இருக்கிறாய்?" "இருக்கிறன்." "அங்கை குளிரோ?" "ஓம்." அவ்வளவுதான், பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். கீழ்வீட்டு அக்காவின் மகன்மார் இரண்டு பேர் பிரான்சில். தீபாவளிக்கு எடுப்பார்கள். "கதைக்க விஷயம் இருந்தால்தானே பிள்ளைகள் எடுப்பார்கள்" என்று அக்கா ஒருநாள் படிக்கட்டில் நின்று சொன்னார். அது எனக்குள் முள்ளாக இறங்கிவிட்டது.

எங்களுக்கு விஷயம் இருந்தது. தினமும் மாலை ஏழு மணிக்கு மகள் எடுப்பாள். முதல் கேள்வி ஒன்றுதான்.

"பன்றிமூக்கி சாப்பிட்டவளோ?"

"சாப்பிட்டவள்."

"தண்ணி குடிச்சவளோ? மூச்சிலை சத்தம் இருக்கே? கண் தெளிவே? கக்கா இருந்தவளோ?"

எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வேன். அதற்குப் பிறகு கதை தானாக வழுக்கி வேறு பக்கம் போகும். அவளுடைய மேலதிகாரி, என் சின்யோராவின் முழங்கால், டுரினில் கிடைக்காத முருங்கைக்காய், அவள் மனதில் வைத்திருக்கிற ஒரு பெடியன். பாம்பில் தொடங்காவிட்டால் இதில் ஒன்றும் வெளியே வந்திராது. ஆகவே எனக்குத் தெரிந்திருந்தது: பன்றிமூக்கி இருக்கும் வரைக்கும் போன் வரும்.

அவளுக்கு எங்கள் கணக்கில் பதின்மூன்று, பதினான்கு வயது. ஒரு மார்ச் மாதம் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் விட்டேன், இரண்டு வாரம் விட்டேன். எலியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள், சின்யோரா என் ரசத்தைப் பார்த்துத் திருப்புவதுபோல. மகளிடம் மறைக்கவில்லை, உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து காலையிலும் எடுத்தாள், மாலையிலும் எடுத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்துக்குள்ளும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

பன்றிமூக்கியைத் தலையணை உறைக்குள் விட்டு முடிந்து, உறையை ஒரு பைக்குள் வைத்து, பையைக் கோட்டுக்குள் என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த கிழவி பை அசைவதைக் கண்டு, உள்ளே என்ன என்று கேட்டாள். பேரப்பிள்ளை என்று சொல்ல வாய்வரை வந்தது. வெங்காயம் என்றேன். கிழவி இடம் மாறி இருந்தாள்.

டாக்டர் அவளை நிறுத்துப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். "நோய் இல்லை, சின்யோரா. வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும் இந்தப் பாம்புகள், சிலது அதற்கு மேலும் போகும். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். வாயில் திணித்துத் தீத்த வேண்டாம். இளம்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் விடுங்கள். சின்ன எலியாகப் பார்த்து, தூனா மீன் மணம் பிடிக்கப்பண்ணிக் கொடுத்துப் பாருங்கள். உப்பு இருக்கக்கூடாது."

"மகள் ஓகஸ்டில் வருவாள். அதுவரைக்கும் இவள் இருப்பாளோ?" என்று கேட்டேன். அவர் இந்த ஊர்க்காரர் செய்வதுபோல இரண்டு கையையும் விரித்தார்.

நேரே பல்லாரோவுக்குப் போனேன். மீன்காரனிடம் ஒரு துண்டு தூனாவும், அதைக் கழுவின தண்ணீரும் கேட்டேன். பூனைக்கா என்றான். பாம்புக்கு என்றேன். கண்ணூறு படாமலிருக்க இரண்டு விரலைக் கொம்புபோல நீட்டி நிலத்தைக் காட்டினான். ஆனால் தண்ணீரைத் தந்தான். அதற்குப் பிறகு நான் கேட்காமலே போத்தலில் எடுத்துவைப்பான். அன்று மாலை எலியை அதில் குளிப்பாட்டி நீட்டினேன். பன்றிமூக்கி முகர்ந்தாள். யோசித்தாள். பிறகு வாயைத் திறந்து கவ்வினாள். நான் கத்திய கத்தலில் அக்கா பால்செம்போடு ஓடிவந்துவிட்டார்.

மீனோடு நிறுத்தவில்லை, நேர்த்தியும் வைத்தேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கோயிலில் மாதா பாம்பின் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிறா. நான் சின்னப்பிள்ளையிலிருந்து முத்தமிட்ட கால் அது. அந்தக் காலடியில் போய், இந்தப் பாம்பைக் காப்பாற்றித் தா என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆகவே மலைக்குப் போனேன். மொந்தே பெல்லெக்ரினோ மலையில் குகைக்குள் இருக்கிற புனிதைக்குப் பாம்போடு ஒரு பகையும் இல்லை. பலெர்மோத் தமிழர் வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் வெறுங்காலோடு ஏறுகிற மலை அது. கீழ்வீட்டு அக்காவும் மூச்சிரைக்க என்னோடு வந்தார். "என்ரை பிள்ளை ஓகஸ்டிலை வருமட்டும் அவளை வைச்சிரு தாயே" என்று கேட்டேன். அக்கா என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. இறங்கி வரும்போது பிரான்சுக்குப் போன் எடுத்துக் கதைத்துக்கொண்டு வந்தார்.

ஓகஸ்டில் மகள் வந்தாள். பன்றிமூக்கி இருந்தாள். மெலிந்து, மெதுவாகி, ஆனால் மகளின் கைக்கு ஏறி முழங்கையில் சுற்றிக்கொண்டாள். வெயில் நாட்களில் இரண்டு பேரும் பால்கனியில் என் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் இருப்பார்கள். மகள் நின்ற அத்தனை நாளும் நானும் அவளும் ஒரு சண்டைகூடப் பிடிக்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை, வீடு வீடுமாதிரி இல்லை என்றார். போகிற அன்று மகள் பாம்பின் மூக்கில் விரலால் தொட்டாள். பிறகு என் மூக்கிலும் தொட்டாள்.

மலையில் இருப்பவள் சொன்ன சொல் மாறாதவள். நான் ஓகஸ்ட் என்று கேட்டேன், ஓகஸ்டைத் தந்தா. டிசம்பர் என்று கேட்டிருக்கலாம். என் பிழை.

ஒக்டோபரில் ஒரு மாலை. நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் மகளின் அறையில் இருந்து கூப்பிட்டார், சிரிப்போடு.

"இஞ்சேரும், ஓடி வந்து பாரும்! உம்மடை ஆள் பழைய நாடகம் போடுறா!"

பன்றிமூக்கி மல்லாந்து கிடந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எடியே, இந்த வயசிலையோ? ஆரைப் பேய்க்காட்டுறாய்?" என்று கேட்டுக்கொண்டே அவளைத் தூக்கி நேராக வைத்தேன்.

நேராகவே கிடந்தாள்.

பொறுத்தேன். அவரும் பொறுத்தார். "பிரளடி" என்றேன். நானே அவளை மல்லாக்காக்கி, திரும்ப நேராக வைத்தேன். வைத்தபடி கிடந்தாள். அவர் என் தோளில் கை வைத்தார். நான் அழுதேன். என் குரலுக்குத் தக்கபடிதான் அழுதேன், ஆனால் அன்று சந்தைக்காரர் யாரும் திருப்பிக் கத்தவில்லை.

ஏழு மணிக்குப் போன் வந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டாள். சொன்னேன்.

"நேரா வைச்சுப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான், பிள்ளை. ரெண்டு தரம்."

அழுதுகொண்டு வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை, பால்கனியில் கறிவேப்பிலைச் சாடியின் மண்ணைக் கிளறி, அவளை அதே வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தோம். பழைய மஞ்சள் கறை அதில் இன்னும் இருந்தது. அக்கா பால் கொண்டுவந்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. நான் அருள்நிறை மரியே சொன்னேன், மாதா பொறுத்துக்கொண்டிருப்பா. என் கணவர் ஒரு சின்ன எலியை ஒளித்துத் துணிக்குள் வைத்ததைக் கண்டேன். பேசாமல் விட்டேன்.

அன்று மாலை ஏழு மணி ஆகிற நேரம், குசினியில் போன் இருந்த மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். இனி அது எதற்கு அடிக்கப்போகிறது? அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். "என்னையேன் பாக்கிறியள், டிவியைப் பாருங்கோ" என்று ஏறி விழுந்தேன்.

போன் அடித்தது.

"அம்மா."

"ம்."

"சாப்பிட்டனீங்களோ?"

எனக்கு விளங்கவில்லை. "ஆர்?"

"நீங்கள்தான். வேறை ஆர்?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"இன்னும் இல்லை. இப்பதான் மீன் வைக்கிறன்."

"தண்ணி குடிச்சனீங்களோ?"

"குடிச்சன்."

"மூச்சிலை சத்தம் ஏதும் இருக்கே?"

"இல்லை."

"கக்கா இருந்தனீங்களோ?"

"எடியே! அடிப்பன் உனக்கு!"

அந்தப் பக்கம் சிரித்தாள். அழுத மூக்கால் சிரிக்கிற சிரிப்பு. பிறகு கேட்டாள், "கண்?"

"கண் மங்கலாத்தான் கிடக்கு" என்றேன். "தோல் கழட்டப்போறன் போலை."

"ரெண்டு மூண்டு நாளிலை தெளிஞ்சிடும் அம்மா, பயப்பிடாதேங்கோ" என்றாள். "நாளைக்கு எடுத்துக் கேப்பன்."